சுத்தமான வாயில் வீங்கிய ஈறு

ஓய்வு பெற்ற பிறகு, மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எனக்கு முகங்கள் வருவதில்லை, வாய்கள்தான் வருகின்றன. யாருடைய வாய் என்று பெயர் தெரியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மினுங்கும் ஓர் ஈறு, மேலண்ணத்தில் ஒரு சிவப்பு, வெற்றிலைக் கறை ஏறிய கீழ்வரிசை என்று ஒவ்வொன்றாக மிதந்து வந்து நின்றுவிட்டுப் போகும். வெளியே பினாங்கு மழை பெய்துகொண்டிருக்கும். தூக்கமா நினைவா என்று பிரிக்க முடியாத அந்த நேரத்தில் நான் ஏதோ பேசுகிறேனாம். என் கணவர் கேலி செய்வார்: “நித்திரையில கூட, வடிவாத் திறவுங்கோ, வடிவாத் திறவுங்கோ எண்டு சொல்லுறீர்.” நான் மறுப்பதில்லை. நன்றாக வாயைத் திறங்கள் என்பதைத் தவிர வேறு என்னதான் சொல்லியிருப்பேன்?

பல் மருத்துவப் பரீட்சைக்குப் படிக்கும் நீங்கள் ஈறு நோய்களைப் பற்றிக் குறிப்பு கேட்டிருந்தீர்கள். வகைப்பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்த ஆழத்துக்கு என்ன பெயர், எந்தக் கட்டத்துக்கு என்ன சிகிச்சை என்பதையெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே வைத்திருக்கிறீர்கள். அதை நான் திரும்ப எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். அதற்குப் பதிலாக, என் மதியத் தூக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு வாயைப் பற்றி எழுதுகிறேன். பெயர் தெரிந்து வரும் வாய் அது ஒன்றுதான்.

அவரைக் குமரேசன் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயதைத் தாண்டியவர். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். தைப்பூசத்துக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள், மனைவி தேவியோடும் சின்ன மகளோடும் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்திருந்தார். என் கிளினிக் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. பூசம் நெருங்கினால் அந்தத் தெருவே கனவுக்குள் போய்விடும். எங்கிருந்தோ உறுமி கேட்கும். சாம்பிராணிப் புகை மாடி ஏறி வந்து, கிருமிநாசினி வாசத்தோடு கலந்து நிற்கும். லாரியில் தேங்காய் வந்து இறங்கும் சத்தம் ஜன்னலில் மோதும். அன்று வெயிலும் மழையும் சேர்ந்தே அடித்தன. அறைக்குள் இருந்த வெளிச்சம் மஞ்சளா சாம்பலா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

குமரேசன் மஞ்சள் சட்டையும் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் துண்டுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. பேசும்போதே உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையில் ரத்தம்.

“டாக்டர், நாளைக்குத் தேர். நாளன்னைக்குப் பூசம். அதுக்குள்ள இந்த ஈறு ரத்தத்த நிப்பாட்டிக் குடுங்க. கிளீனிங் செஞ்சா நின்னுரும்னு சொன்னாங்க.”

“எத்தனை நாளா வருது தம்பி?”

“விரதம் ஆரம்பிச்ச பெறகுதான். முதல்ல பல்லு விளக்கும்போது மட்டும். இப்ப சும்மா இருந்தாலும் வருது. காலைல எழுந்தா தலகாணில கூட இருக்கு.”

அலகு எடுக்கப்போகிறாரா என்று கேட்டேன். நாக்கிலும் இரு கன்னத்திலும் என்றார். அலகு என்பது சின்ன வேல். நாக்கிலும் கன்னத்திலும் குத்திக்கொண்டு காவடியோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவார்கள். உண்மையான விரதம் இருந்தவருக்கு ரத்தம் வராது என்பது நம்பிக்கை. குமரேசனுக்கு அது மூன்றாவது வருடம். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த மகளுக்காக மூன்று வருடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவதில், வேல் படும் முன்பே வாயில் ரத்தம். எல்லார் முன்னாலும் வழிந்தால் என்ன ஆகும் என்பதைவிட, அது மகளுக்கு என்ன கெடுதலைக் காட்டுகிறது என்பதுதான் அவருடைய பயம்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். கோயிலுக்குப் போவோம், தேவாரம் பாடுவோம், தேருக்குத் தேங்காய் உடைப்போம். அலகு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வோம். இத்தனை வருடம் பினாங்கில் இருந்தும் நான் அலகை முழுசாகப் பார்த்ததில்லை.

வருடா வருடம் ஜனவரியில் இப்படி ஈறுகள் என்னிடம் வரும். விரதம் இருப்பவர்களில் சிலர் பற்பசையை விட்டுவிட்டு வேப்பங்குச்சி, உப்பு, மஞ்சள் என்று ஆரம்பிப்பார்கள். பக்தி கூடக்கூட அழுத்தமும் கூடும். ஈறு உரிந்து வந்து நிற்பார்கள். மெதுவாகத் தேயுங்கள் என்று சொல்லி, சுத்தம் செய்து அனுப்புவேன். குமரேசனும் வேப்பங்குச்சிதான் என்றார். என் மலாய் உதவியாளர் கா ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, நான் கேட்காமலே சுத்தம் செய்யும் கருவிகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். வெளியே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பூசத்துக்கு விடுமுறை என்பதால் எல்லாருக்கும் அவசரம். கருவி என் கையில் இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன்.

இந்த இடத்தைத்தான் நான் தூக்கத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஈறு பல்லின் பாதிவரை ஏறியிருந்தது. நாவற்பழ நிறம் கலந்த, பஞ்சு மாதிரி மெத்தென்ற வீக்கம். ஓரத்தில் ரத்தம் தானாகக் கசிந்துகொண்டிருந்தது. அவ்வளவு வீங்கிய ஈறுக்குக் கீழே நான் எதிர்பார்த்தது அழுக்கு. பற்காரை, படிவு, உணவுத் துணுக்கு, நாற்றம். ஒன்றும் இல்லை. பல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரத்தம் வந்தால் ஆட்கள் பயந்து தேய்ப்பதை விட்டுவிடுவார்கள்; இவர் வலியோடு இன்னும் கவனமாகத் தேய்த்திருக்கிறார். ஈறு நோய் என்பது பெரும்பாலும் அழுக்குக்கும் வீக்கத்துக்கும் உள்ள கணக்கு. இங்கே கணக்கு உதைத்தது.

கருவியைத் தட்டில் திரும்ப வைத்தேன். கா ரோஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மழை நின்றிருந்ததா, நான்தான் கேட்பதை நிறுத்திவிட்டேனா தெரியவில்லை.

பிறகு அவரோடு சும்மா பேசினேன். பசியாறினீர்களா என்று ஆரம்பித்தேன். ஒருவேளைச் சாப்பாடுதான் என்றார். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியதாம். நைட் ஷிப்ட், தரையில் படுக்கை, அதனால்தான் என்றார். இளைத்திருந்தார், விரதம் என்றார். உள்ளுதடு வெளுத்திருந்தது, மீன் கறி சேர்க்கவில்லை என்றார். மாலையானால் உடம்பு சுடுகிறதாம். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்றார். சட்டைக் கழுத்து விலகிய இடத்தில், தோளில் நீலமாகக் கன்றியிருந்தது. காவடியைத் தூக்கிப் பார்த்தது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். விரதத்தில் மறைக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

பிள்ளைகளே, நோயாளி பொய் சொல்வார் என்று நமக்குப் பயம். பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல, உண்மையான, ஏற்றுக்கொள்ளத்தக்க காரணத்தோடு ஒருவர் வரும்போதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் அதே நீலக் கன்றல்கள்.

“காவடி தோள்லதானே உக்காரும் தம்பி. இது எப்படி வந்துச்சு?”

“எங்கயாச்சும் இடிச்சிருப்பேன் டாக்டர்.” அவர் குனிந்து பார்த்தார். “தெரியலே.”

அன்று அவர் சொன்ன முதல் தெரியலே அதுதான். மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி, எதையும் தொடாமல் விளக்கை மட்டும் உயர்த்தினேன். மேலண்ணத்தில் குண்டூசி முனையளவில் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தன. வேப்பங்குச்சி அங்கே போகாது.

ஈறு வீக்கத்துக்குக் காரணங்கள் சொல்லச் சொன்னால் நீங்கள் எல்லாரும் ரத்தப் புற்றுநோயைச் சொல்வீர்கள். நான் தேர்வாளராக உட்கார்ந்த நாட்களில் கவனித்திருக்கிறேன், எல்லாவற்றையும் சொல்லி முடித்து, எழுந்திருக்கும் நேரத்தில் ஞாபகம் வந்து சொல்வீர்கள். புத்தகத்தில் அது கடைசியில் இருக்கிறது. என் நாற்காலியில் அது மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“தம்பி, நான் இன்னிக்கு கிளீனிங் செய்யப் போறதில்லே. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் டெஸ்ட் எடுக்கணும். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டருக்கு நானே போன் பண்றேன்.”

“பூசம் முடிஞ்சு போறேன் டாக்டர்.”

“அதுக்கு முன்ன போகணும். ரத்தம் உறையிற சக்தி உங்களுக்குக் கொறைஞ்சிருக்குன்னு எனக்குச் சந்தேகம். அப்படி இருந்து அலகு குத்தினா ரத்தம் நிக்காது. மலையிலேயே உயிர் போயிரலாம்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “கோவிச்சுக்காதீங்க டாக்டர். உங்க சிலோன் ஆளுங்களுக்கு இதெல்லாம் வெளங்காது. மூணு வருஷம்னு சொல்லிட்டு ரெண்டுல நிறுத்தினா என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகும். எனக்கு ஆனா பரவாலே.”

அவர் சொன்னது முழுத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அலகு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவள்தானே நான். சந்தேகம் தப்பாக இருந்து, ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால்? ஒரு தகப்பனின் காவடியைத் தடுத்த சிலோன்கார டாக்டர் என்று தெருவே பேசும். அதுகூடப் போகட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும், அந்த மனிதர் என்னால்தான் என்று நினைப்பார். ஒரு மவுத்வாஷைக் கொடுத்து, பூசம் முடிந்து வாருங்கள் என்று சொல்ல எவ்வளவு சுலபம் என்று என் மனம் எனக்கே எடுத்துச் சொன்னது. பயந்தேன். பயம் இல்லாமல் இந்த வேலையைச் செய்தேன் என்று சொல்கிறவரை நீங்கள் நம்ப வேண்டாம்.

தேவியை உள்ளே கூப்பிடலாமா என்று அவரிடம் கேட்டேன். தலையாட்டினார். அவள் பிள்ளையைத் தோளில் தூங்கவைத்தபடி வந்தாள். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். தேவி என்னைக் கேள்வி கேட்கவில்லை. கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அந்த மீ கோரேங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். விரதம் ஆரம்பித்த முதல் வாரத்தில், களைப்பில், தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ், வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். முட்டை வேண்டாம், கோழி வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினார். பாதி சாப்பிட்ட பிறகுதான் யோசனை வந்திருக்கிறது.

“அதே குவாலிச் சட்டிலதான் டாக்டர் கோழிய வறுக்கிறாங்க. கழுவினாங்களான்னு நான் பாக்கலே. அடுத்த வாரம் ரத்தம் வர ஆரம்பிச்சிருச்சு.”

அதன் பிறகுதான் இரண்டு வேளை ஒரு வேளையாகியிருக்கிறது. கட்டில் தரையாகியிருக்கிறது. உடம்பு அவரிடம் ஏதோ சொல்லப் பார்த்த ஒவ்வொரு முறையும், அதை அவர் தண்டனை என்று எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையாக விரதம் இருந்திருக்கிறார்.

“தம்பி, இது உங்க விரதத்துல உள்ள கொறை இல்லே. ரத்தத்துல உள்ள கோளாறு.”

“அது எப்படி டாக்டர் உங்களுக்குத் தெரியும்?”

நியாயமான கேள்வி. அந்தப் பாடத்தில் எனக்குப் பட்டம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்.

“நான் வாய் பாக்கறவ. உங்க வாயைப் பாத்தேன். சிகரெட் கறை இல்லே. வெத்தலைக் கறை இல்லே. பல்லு இடுக்குல ஒரு துரும்பு இல்லே. இவ்வளவு ரத்தம் வந்தும், இவ்வளவு வலிச்சும், ஒரு நாள்கூட விடாம சுத்தமா வெச்சிருக்கீங்க. இத்தன வருஷத்துல விரதம் இருந்தவங்க வாய்ல இதைவிடச் சுத்தமான வாயை நான் பாத்ததில்லே. அழுக்கு இருந்து ஈறு வீங்கியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். நீங்க சுத்தமா இருக்கிறதாலதான் வேற எதுவோன்னு பயப்படறேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே உறுமிக்காரர் யாரோ அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு குமரேசன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்று சொல்லி ஒருவரை நான் ஆறுதல்படுத்தியது அன்று மட்டும்தான்.

“அப்ப மூணாவது வருஷம்?” என்று கைக்குள்ளிருந்தே கேட்டார்.

“முடிஞ்சு வெக்கிறேன்,” என்றாள் தேவி. வேண்டுதலை உடனே செய்ய முடியாவிட்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துத் தவணை கேட்பது அவர்கள் வழக்கம். மஞ்சள் துணி இருந்தது, அவருடைய துண்டின் ஓரத்தைக் கிழித்தாள். காசுதான் யாரிடமும் இல்லை. இப்போது எல்லாரும் கைப்பேசியில்தானே கட்டுகிறோம். நான் மேசை இழுப்பறையில் துழாவினேன். கா ரோஸ் தன் பையைக் கவிழ்த்தார். எங்கள் காசு ஆகாது, தங்கள் காசாகத்தான் இருக்க வேண்டும் என்றாள் தேவி. கடைசியில் அவள் பையின் அடியில், பிள்ளையின் பிஸ்கட் தூளுக்குள் ஓர் இருபது காசு அகப்பட்டது. அதைத் துணியில் வைத்து முடிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க நல்லாயிட்டு வந்து எடுங்க. முருகன் காத்திருப்பாரு. நாளன்னைக்கு நான் பால்குடம் எடுக்கிறேன்.”

அவர்கள் போனதும் கா ரோஸ் அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தேன். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் ஏறக்குறைய இல்லை. அலகு குத்தியிருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். நான் தட்டில் திரும்ப வைத்த கருவியும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

பூசத்தன்று காலை நான் தண்ணீர்மலைக்குப் போனேன். தெருவெல்லாம் உடைந்த தேங்காய். செருப்புக்குள் இளநீர் பிசுபிசுத்தது. கூட்டத்தில் தேவியைத் தேடி நின்றபோது அலகுகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. அன்று நான் கண்ணை மூடவில்லை. தொழில் புத்தி போகுமா, அலகைப் பார்க்காமல் ஈறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த யாருக்கும் ரத்தம் வழியவில்லை. எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தேவி பால்குடத்தோடு போனாள். பிள்ளை யாரோ ஒருவரின் தோளில் இருந்து எனக்குக் கையாட்டியது, அல்லது பலூனுக்கு.

சிகிச்சை நீண்டது. நடுவில் ஒருமுறை நம்பிக்கை இல்லை என்று கேள்விப்பட்டேன். அப்புறம் செய்தி வருவது நின்றது. நானும் கேட்கப் பயந்து கேட்காமல் இருந்தேன்.

நான் கிளினிக்கை மூடுவதற்கு முந்தின வருடம், ஜனவரியில் ஒரு காலை, குமரேசன் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை. முடி முளைத்து, முன்னைவிடச் சுருளாக இருந்தது. மஞ்சள் சட்டை போட்டிருந்தார்.

“இந்த வருஷம் முடிச்சிடறேன் டாக்டர். அலகு வேணாம்னு ரத்த டாக்டர் சொல்லிட்டாரு. பால்காவடி மட்டும்தான். அன்னிக்கு நீங்க செய்ய மாட்டேன்னு சொன்ன கிளீனிங்க இப்பயாச்சும் செஞ்சு விடுங்க லா.”

போன வாரத்து ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். கொண்டுவந்திருந்தார். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையுறை போட்டேன்.

ஈறு இளஞ்சிவப்பாக, பல்லை ஒட்டி, இறுக்கமாக இருந்தது. கீழ்வரிசையின் உள்பக்கத்தில் கொஞ்சம் பற்காரை. எனக்கு அதைப் பார்த்ததில் வந்த சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. மேல்வரிசையைச் சுத்தம் செய்தேன். இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது. எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் நான் நிறுத்திவிட்டு, கொப்பளிக்கச் சொன்னேன்.

முதல் தடவை துப்பிய தண்ணீர் ரோஸ் நிறத்தில் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மறுபடி கொப்பளித்தார். இந்தத் தடவை வெறும் தண்ணீர்.

“நின்னுருச்சு டாக்டர்.”

“நின்னுருச்சு தம்பி.”

விளக்கைச் சரிசெய்துகொண்டு கீழ்வரிசையை ஆரம்பித்தேன்.